கைக்காசில் கம்பெனி: கோப்பு விஷயத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெளியார் பணம் வாங்காமல் மென்பொருள் கம்பெனி நடத்துவதில் கஷ்டங்கள் நிறைய. பெரிய லாபம் ஒன்றுதான்: யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம். ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிய கம்பெனி வெளி முதலீடு இல்லாமலே வளர்ந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட அவர்கள் எந்த முதலீட்டாளருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவின் மெயில்சிம்ப்பும் அப்படித்தான். 2001-இல் ஒரு வலைத்தள வடிவமைப்புக் கம்பெனியின் உபரி வேலையாகப் பிறந்தது. 2021-இல் இன்ட்யூட் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கும்வரை நிறுவனர்கள் கையிலேயே இருந்தது.

இந்தச் சுதந்திரத்தை முதலீட்டாளரிடம் விடாமல் காப்பாற்றிவிட்டு, ஏதோ ஓர் இலவச ஆப்பிடம் அடகு வைத்துவிடுகிற சின்னக் கம்பெனிகள்தான் அதிகம். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஆரம்பிக்கும்போது எந்த மொழியில் எழுதுவது என்று ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் எக்செல் எங்கே போய்ச் சேருகிறது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் யார் போனில் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கீழே உள்ளவை அவர்களுக்கு. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று ஓர் ஆள் இருப்பார்; அவர் பார்த்துக்கொள்வார்.

செய்ய வேண்டியவை

ஒரு கருவிக்குள் நுழையும்போதே வெளியேறும் வழியையும் பார்த்து வையுங்கள். 2020-ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் வீட்ரான்ஸ்ஃபரை முடக்கச் சொல்லி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. பெரிய ஃபைல் அனுப்ப டிசைனர்களும் வீடியோ எடிட்டர்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். ஜூன் 29 அன்று 59 ஆப்களுக்குத் தடை வந்தது. ஷேர்இட், ஸெண்டர், கேம்ஸ்கேனர், இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் நான்குமே அந்தப் பட்டியலில் இருந்தன. செப்டம்பரில் மொசில்லா தன் ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் சேவையை மூடியது. நல்ல சேவைதான். வைரஸ் பரப்புகிறவர்களுக்கும் அது நல்ல சேவையாகப் போய்விட்டதால் மூடவேண்டி வந்தது. ஐந்தே மாதத்தில் இத்தனை வழிகள் அடைபட்டன. அசல் கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இவற்றை வெறும் அனுப்பும் குழாயாக மட்டும் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு நாள் எரிச்சலோடு போயிற்று. இவற்றையே அலமாரியாக வைத்திருந்தவர்கள்தான் அலைந்தார்கள்.

ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாக் கோப்புகளையும் ஒரே தடவையில் இறக்க முடியுமா? இறக்கியவை வேறு மென்பொருளில் திறக்குமா? பணம் கட்டுவதை நிறுத்தினால் எத்தனை நாள் விட்டு வைப்பார்கள்? இரண்டாவது கேள்வியில் பலர் வழுக்குவார்கள். கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணம் உங்கள் கம்ப்யூட்டர் ஃபோல்டரிலும் தெரிகிறதே என்று நிம்மதியாக இருப்பீர்கள். அங்கே கிடப்பது ஆவணம் அல்ல, அதன் முகவரி மட்டும்தான். கணக்கு போனால் அந்த ஃபோல்டரில் மிஞ்சுவது வெறும் முகவரிச் சீட்டு. கூகுளின் டேக்அவுட் வசதி மூலம் வேர்டு, எக்செல் வடிவில் இறக்கி வைத்தால்தான் அது உங்களுடையது.

கோப்புகளை வகை பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி தேடாதீர்கள். சின்னக் கம்பெனியில் புழங்குவது நான்கு வகைதான். சோர்ஸ் கோடு, அலுவலக ஆவணங்கள், வாடிக்கையாளரின் தரவு, ஒரு தடவை அனுப்பிவிட்டு மறந்துபோகிற பெரிய ஃபைல். சோர்ஸ் கோடுக்கு கிட் போதும். கிட்ஹப் 2020-லிருந்து இலவசக் கணக்கிலேயே தனியார் ரிப்போவில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்க விடுகிறது. ஆனால் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது. ஏற்காததும் நல்லதுதான், டெமோ வீடியோவை ரிப்போவில் போடுகிற பழக்கம் முளையிலேயே நிற்கும். ஆவணங்களுக்கு கூகுள் டிரைவோ ஜோஹோ ஒர்க்டிரைவோ மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவோ, உங்கள் வாடிக்கையாளர்கள் எதில் பழகியிருக்கிறார்களோ அது. மூன்றையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டு ஒரு வாரத்தை வீணாக்குவதைவிட ஒன்றை எடுத்து ஒழுங்காக ஃபோல்டர் போடுவது மேல். வாடிக்கையாளர் தரவு தனி விவகாரம், கீழே வருகிறது.

ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் முதல் வாரமே முடிவு செய்யுங்கள். தேதி முன்னால், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். பிறகு வாடிக்கையாளர் பெயர். பிறகு என்ன ஆவணம். 'ஃபைனல்' என்ற சொல்லைப் பெயரில் போடவே கூடாது என்று ஒரு விதி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வாடிக்கையாளர் எந்த வழியில் அனுப்புகிறாரோ அந்த வழியில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் போர்ட்டலில் லாகின் செய்து ஏற்றுங்கள் என்று ஒரு ஈரோடு மொத்த வியாபாரியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சரி என்பார். பிறகு வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார். வாட்ஸ்அப் 2022-லிருந்து 2 ஜிபி வரை ஃபைல் அனுப்ப விடுகிறது, அவர் ஏன் மாறவேண்டும்? அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். மற்ற வேலை உங்களுடையது. வாட்ஸ்அப்பில் வந்தது அன்றைக்கே கம்பெனி ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். யார் அதைச் செய்வது என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். 'யாராவது பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பெரிய ஃபைலை மின்னஞ்சலில் இணைக்காமல், காலாவதியாகும் லிங்க்காக அனுப்புங்கள். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. மின்னஞ்சலில் போகும்போது இணைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. எதிர்முனை சர்வர் 10 எம்பிதான் ஏற்கும் என்றால் 8 எம்பி ஃபைலே திரும்பி வரும். உங்கள் மென்பொருளே வாடிக்கையாளருக்கு அறிக்கைகளைத் தயாரித்துத் தருகிறது என்றால் அமேசான் எஸ்3 போன்ற இடத்தில் வைத்துக் கையெழுத்திட்ட லிங்க் கொடுக்கலாம். அதற்கு அதிகபட்ச ஆயுள் ஏழு நாள். ஒரு மணி நேரம் போதுமென்றால் ஒரு மணி நேரமே வையுங்கள்.

ஒரே அறையில் இருப்பவர்களுக்கு இணையம் எதற்கு? பக்கத்து மேஜைக்கு 3 ஜிபி வீடியோ அனுப்ப அதை அமெரிக்க சர்வருக்கு ஏற்றி இறக்குகிறோம். லோக்கல்சென்ட் என்ற இலவச மென்பொருள் ஒரே வைஃபையில் உள்ள போன், கம்ப்யூட்டர் எதற்கும் நேரடியாக அனுப்பும். இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே ஃபோல்டர் எப்போதும் ஒத்துப்போக வேண்டுமானால் சின்க்திங் இருக்கிறது. நடுவில் யாருடைய கிளவுடிலும் கோப்பு தங்குவதில்லை. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பை 2024 முடிவில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூல நிரல் திறந்திருந்ததால் வேறு ஆட்கள் அதன் கிளையை எடுத்துத் தொடர்ந்தார்கள். வெளியேறும் வழி என்று மேலே சொன்னேனே, திறந்த மூல மென்பொருளில் அது கூடுதலாக ஒரு கதவோடு வருகிறது.

பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுப்பது பெரிதல்ல, திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் கம்பெனியில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள், ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். தங்கள் தவறை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் இன்றைக்கு நாம் பாடம் படிக்க முடிகிறது. மூன்று பேர் கம்பெனிக்கு இதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும்: பேக்கப்பிலிருந்து ஒரு காலி கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நிறுவி, மென்பொருள் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கருவிகளின் சந்தாவை ஒரு தாளில் எழுதி, புதுப்பிக்கும் தேதியைக் குறியுங்கள். கார்டிலிருந்து தானாகக் கழியும் என்று இருந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொடர் சந்தா ஓடிபி இல்லாமல் கழியாது. அதற்குக் குறைந்த தொகைக்கும் முன் அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சேவைகளில் அது பல நேரம் தடுக்கிவிழும். இதே விதி மறுபக்கமும் கடிக்கும். நீங்கள் இந்தியாவில் ஆண்டுச் சந்தா விற்கிறீர்கள் என்றால் தானாகப் புதுப்பித்தலை நம்பி வரவு கணக்கு போடக்கூடாது. ஒரு மாதம் முன்பே இன்வாய்ஸ் அனுப்பி, போனில் கேட்டு, வங்கிக் கணக்குக்கு வாங்குங்கள். உத்யம் பதிவும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்வாய்ஸின் அடியில் அந்த ஒரு வரியை அச்சிட்டால் சில பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவு கொஞ்சம் சீக்கிரம் அசைகிறது.

செய்யக்கூடாதவை

இலவசத் திட்டத்தை ஆவணக் காப்பகமாக நினைக்காதீர்கள். இலவசம் கெட்டதல்ல. அது சுருங்கும், அவ்வளவுதான். டிராப்பாக்ஸ் 2019-இல் இலவசக் கணக்கை மூன்று சாதனங்களுக்கு மேல் இணைக்க முடியாதபடி செய்தது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூனிலிருந்து 15 ஜிபி கணக்கில் சேர்ந்துவிட்டது; ஊழியர் ஒருவர் கல்யாணப் படங்களை ஏற்றினால் அவருக்கு வரும் அலுவலக மெயிலும் நின்றுபோகும் நிலை. ஸ்லாக் 2022-இல் இலவசக் கணக்குக்கு 90 நாள் பேச்சை மட்டும் காட்டத் தொடங்கியது, 2024-இல் ஓராண்டுக்கு மேற்பட்டதை அழிக்கவே ஆரம்பித்தது. 'அந்த ஸ்பெக் ஸ்லாக்கில் இருக்குமே' என்று சொல்லும் கம்பெனியில் அது இருக்காது.

ஒத்திசைவை பேக்கப் என்று நம்பாதீர்கள். ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிப்பதுதான் ஒத்திசைவின் வேலை.

கிட் ரிப்போவையும் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸையும் டிரைவ் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். கணக்கு மென்பொருளின் டேட்டாவுக்கும் இது பொருந்தும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் ஒத்திசைக்கும் மென்பொருள் பாதி எழுதிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகும். முரண்பட்ட பிரதி என்று ஒன்று முளைக்கும், எது உண்மையான ஏப்ரல் மாதக் கணக்கு என்று ஆடிட்டர் உங்களைக் கேட்பார்.

'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்பதைப் பழக்கமாக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் அழுத்துகிற பொத்தான் அது. அந்த லிங்க் ஒரு தடவை வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் அதன் பயணத்தை யாரும் நிறுத்த முடியாது. விலைப்பட்டியலுக்குப் பரவாயில்லை. சம்பளப் பட்டியல், வாடிக்கையாளரின் ஆதார் நகல், அவர்களுடைய வாடிக்கையாளர்களின் போன் எண்கள் என்றால் ஆள் பெயர் சொல்லி அனுமதி கொடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது; அதில் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்களுக்கு அத்தனை விதிக்க மாட்டார்கள்தான். ஆனால் ஒரு பெரிய வாடிக்கையாளரின் சட்டப் பிரிவு உங்களிடம் தரவு எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்கும்போது பதில் இல்லையென்றால் ஆர்டர் போய்விடும்.

பாஸ்வேர்டையும் ஏபிஐ சாவியையும் சாட்டிலோ ரிப்போவிலோ போடாதீர்கள். பொது ரிப்போவில் விழுந்த கிளவுட் சாவியைத் தேடிக்கொண்டே இருக்கும் போட்கள் உண்டு; உங்கள் கணக்கில் யாரோ கிரிப்டோ தோண்டிய பில் உங்களுக்கு வரும். போட்டுவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது, பழைய வரலாற்றில் அது இருக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்குங்கள்.

வெளியே போகும் தரவுக்கும் பணம் என்பதை மறந்து விலை வைக்காதீர்கள். எஸ்3-இல் வைப்பது மலிவு. மாதத்தின் முதல் 100 ஜிபியைத் தாண்டினால் இறக்குவதற்கு ஜிபிக்கு சுமார் 9 சென்ட் ஆகும். வாடிக்கையாளர்கள் மாதம் ஒரு டெராபைட் இறக்கினால் 80 டாலருக்கு மேல் அதற்கே போகும். கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 போன்றவற்றில் இந்தக் கட்டணம் இல்லை. மாதம் 499 ரூபாய்க்கு மென்பொருள் விற்கிறவர் இதை முன்பே கணக்குப் போட வேண்டும்.

சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் போட அவசரப்படாதீர்கள். ஓன்கிளவுடிலிருந்து 2016-இல் பிரிந்து வந்த, கோப்பு பகிர்வுக்கான அருமையான திறந்த மூல மென்பொருள் அது. தரவு உங்கள் கையில் இருக்கும். அதைத் தவறாமல் புதுப்பிக்கும் வேலையும் உங்கள் கையில்தான் இருக்கும். கோப்பு பரிமாற்றத்துக்கென்றே விற்கப்பட்ட மூவ்இட் மென்பொருளில் 2023-இல் ஓர் ஓட்டை கண்டுபிடித்து, உலகெங்கும் பெரிய பெரிய நிறுவனங்களின் தரவைத் திருடினார்கள். மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கும் ஆள் உங்களிடம் வரும்வரை வாடகைக்கு இருப்பதில் அவமானம் இல்லை.

இருப்பது எதுவும் சரியில்லை என்று சொந்தமாக ஒரு கோப்புப் பகிர்வு ஆப் எழுத உட்காராதீர்கள். இந்த ஆசை எல்லா புரோகிராமருக்கும் ஒரு தடவை வரும். பென்டிரைவை மறந்துவிட்டுப் பஸ் ஏறிய டிரூ ஹூஸ்டன் 2007-இல் டிராப்பாக்ஸைத் தொடங்கவில்லையா என்பார்கள். தொடங்கினார். ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலீட்டாளர் பணம் வந்தது. டிராப்பாக்ஸ் அமேசானின் எஸ்3 மீது ஓடியது. 2016 வாக்கில் பயனர் தரவின் பெரும்பகுதியைத் தன் சொந்த டேட்டா சென்டர்களுக்கு மாற்றியது. அது கைக்காசில் ஆடுகிற ஆட்டம் இல்லை. கூகுளும் ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் இடத்தை இலவசமாகக் கொட்டுகிற சந்தையில் ஜிபி விற்று யாரும் பிழைக்க முடியாது.

கைக்காசில் ஜெயித்தவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். 37சிக்னல்ஸ் ஒரு சின்ன வடிவமைப்புக் கம்பெனி. வாடிக்கையாளரோடு மெயிலில் மாற்றி மாற்றி அனுப்பித் தொலைந்துபோன வேலைகளை ஓரிடத்தில் வைக்கத் தங்களுக்காக ஒன்றைச் செய்து, 2004-இல் பேஸ்கேம்ப் என்று விற்றார்கள். விற்றது இடத்தை அல்ல, குழப்பமில்லாத வேலையை. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த வீட்ரான்ஸ்ஃபர், ஃபைல் ஏறும்வரை காத்திருக்கிறவரின் திரை முழுக்க அழகான விளம்பரம் காட்டிச் சம்பாதித்தது. பெரிய முதலீடு 2015-இல்தான் வாங்கியது. (2024-இல் அதுவும் கைமாறி, பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலியக் கம்பெனியிடம் போயிற்று. வெளியேறும் வழி!)

எழுதியே தீருவேன் என்றால் ஒரு தொழிலுக்குள் குறுகுங்கள். ஜூலை மாதத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தைப் போய்ப் பாருங்கள். முந்நூறு பேரிடம் ஃபார்ம் 16 வந்ததா, வங்கி ஸ்டேட்மென்ட் வந்ததா என்று மூன்று பெண்கள் நாள் முழுக்க போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். யாரிடமிருந்து எது வரவில்லை என்று காட்டி, வாட்ஸ்அப்பிலேயே ஞாபகப்படுத்தி, வந்ததைச் சரியான ஃபோல்டரில் போடுகிற ஒன்றுக்கு அவர்கள் பணம் கொடுப்பார்கள். திருப்பூரில் சாம்பிள் படங்களைப் பையருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. சேமிப்பு இடம் யாருடையதாக இருந்தால் என்ன? அதை வாடகைக்கு எடுங்கள். முதல் வாடிக்கையாளரிடம் முதல் மாதமே பணம் கேளுங்கள். இலவசமாகப் பயன்படுத்திவிட்டுப் பாராட்டுகிறவரின் கருத்தைவிட 500 ரூபாய் கொடுத்துவிட்டுத் திட்டுகிறவரின் கருத்து உதவும்.

புதுக் கருவி வந்தது என்று தாவாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கோப்பு வழியில் விழும். வருஷத்துக்கு ஒரு தடவை யோசித்தால் போதும்.

கம்பெனி சொத்தைத் தனி ஆள் கணக்கில் வைக்காதீர்கள். கூட்டாளி கோபித்துக்கொண்டு போகிற நாளில்தான் இது தெரியவரும். டிரைவ் ஃபோல்டர் அவருடைய ஜிமெயிலில், ரிப்போ அவருடைய கணக்கில், கிளவுட் பில் அவர் கார்டில். அவர் நல்லவராகவே இருந்தாலும் பாஸ்வேர்டு மறந்த நல்லவர் என்ன செய்ய முடியும்? ஒரு டொமைன் வாங்கி, அதில் கம்பெனி பெயரில் கணக்குகள் திறந்து, நிர்வாகி உரிமையை இரண்டு பேருக்குக் கொடுங்கள். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. டொமைன் பதிவுக்கான தொடர்பு மெயிலாக மட்டும் அதே டொமைனின் மெயிலைக் கொடுத்துவிடாதீர்கள். புதுப்பிக்க மறந்து டொமைன் நின்றுபோனால், பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் அந்த நின்றுபோன டொமைனுக்குத்தான் போகும். வெளியே தனியாக ஒரு மெயில் முகவரி திறந்து, அதன் சாவியைக் கூட்டாளிகள் இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.